மைக் விசை ஏன் வேலை செய்யவில்லை? 248 என்ற எண்ணும் கணினிக்குள் இருக்கும் அடையாளப் பட்டியல்களும்

இணையவழி வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. வீட்டில் யாரோ மிக்சியைப் போடுகிறார்கள். மடிக்கணினியில் மைக் படம் போட்ட விசையை அவசரமாக அழுத்துகிறீர்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை.

விசை கெட்டுப்போச்சா? மைக் பழுதா? இரண்டும் இல்லை.

லினக்ஸ் இயங்குதளம் உள்ள பல மடிக்கணினிகளில் ஒரு காலத்தில் இந்தச் சிக்கல் இருந்தது. காரணம், ஓர் எண். அது வரம்பைவிட ஒன்றே ஒன்று கூடுதலாக இருந்தது. அவ்வளவுதான்.

கணினியின் பாகங்களுக்கு எண் கொடுப்பது யார்? அந்த எண்ணின் பொருள் செயலிகளுக்கு எப்படித் தெரிகிறது? இரண்டு தரப்பும் வெவ்வேறு பட்டியலை வைத்திருந்தால் என்ன ஆகும்?

பார்க்கலாம், வாங்க.

பெயரைவிட எண்தான் முக்கியம்

தம்ப் டிரைவ் ஒன்றைக் கணினியில் செருகுகிறீர்கள். செருகிய உடனே அது கணினியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

'நான் சான்டிஸ்க் நிறுவனத்தின் தம்ப் டிரைவ்' என்று அது தன் பெயரையும் சொல்லலாம். ஆனால் அது கட்டாயமில்லை. கட்டாயமாகச் சொல்ல வேண்டியவை இரண்டு எண்கள்.

- முதல் எண், தயாரித்த நிறுவனம் எது என்பதைக் காட்டும். சான்டிஸ்க் என்றால் 0781.
- இரண்டாவது எண், அந்த நிறுவனத்தின் எந்தப் பொருள் என்பதைக் காட்டும். குரூசர் பிளேட் என்ற தம்ப் டிரைவுக்கு 5567.

நிறுவன எண்களை யூஎஸ்பி நடைமுறைப்படுத்துவோர் மன்றம் கொடுக்கிறது. அதற்கு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் செலுத்துகின்றன. பொருள் எண்ணை அந்தந்த நிறுவனமே வைத்துக்கொள்ளும்.

கணினிக்குள் பொருத்தும் கிராபிக்ஸ் அட்டை, வைஃபை அட்டை போன்றவற்றுக்கும் இதே முறைதான். அவற்றுக்கான எண்களை பிசிஐ-சிக் என்ற அமைப்பு கொடுக்கிறது. அங்கே இன்டெல் நிறுவனத்தின் எண் என்ன தெரியுமா? 8086. இன்டெல் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரும் அதுதான்!

இவை நாம் தினமும் எழுதும் எண்கள் போலத் தெரியும். ஆனால் இவை 16-ஐ அடிப்படையாகக் கொண்டவை. ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 9 வரை வரலாம், அதற்கு மேல் ஆறு ஆங்கில எழுத்துகளும் வரலாம். நான்கு இடம், ஒவ்வொன்றிலும் 16 வாய்ப்பு. ஆக மொத்தம் 65,536 எண்கள்.

நடுவில் நிற்கும் கெர்னல்

இந்த எண்களை முதலில் கேட்பது கெர்னல். இயங்குதளத்தின் மையப் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். விசைப்பலகை, திரை, யூஎஸ்பி போன்ற கருவிகளோடு பேசும் பொறுப்பு அதனுடையது.

நீங்கள் பயன்படுத்தும் செயலிகள் கெர்னலுக்கு வெளியே இருக்கின்றன. காணொளிச் சந்திப்புச் செயலி, இசைச் செயலி, விளையாட்டு எதுவாக இருந்தாலும், அது கருவியை நேரடியாகத் தொடுவதில்லை. கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்கிக்கொள்ளும்.

அப்போ, கெர்னல் 'எண் 115 அழுத்தப்பட்டது' என்று சொன்னால், '115 என்றால் ஒலியைக் கூட்டும் விசை' என்பது செயலிக்கும் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

உணவங்காடிக் கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். முன்னால் பலகையில் எண்ணோடு உணவுப் பட்டியல். நீங்கள் '5' என்று சொல்கிறீர்கள். அடுப்படியில் இருப்பவரிடம் இன்னொரு தாள். அதிலும் 5 என்றால் மீ கோரெங்தான். எல்லாம் சரி.

ஒரு நாள் கடைக்காரர் பலகையை மாற்றுகிறார். அடுப்படித் தாளை மாற்ற மறந்துவிடுகிறார். அன்றைக்கு 5 என்று கேட்டவருக்கு என்ன வரும்? அவர் கேட்காதது வரும்!

கடையில் தவறு நடந்தால் சிரித்துவிட்டு மாற்றி வாங்கிக்கொள்ளலாம். கணினியில் அப்படி இல்லை. தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டு செயலி அமைதியாக வேறு வேலையைச் செய்யும். இல்லாவிட்டால் ஒன்றுமே செய்யாது.

ஒரே தாளை இரண்டு பேரும் படிப்பது எப்படி?

லினக்ஸ் உலகில் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. அதுதான் ஹெடர் கோப்பு.

ஹெடர் கோப்பு என்பது ஒரு பட்டியல். 'ஒலியைக் கூட்டு என்றால் 115', 'ஒலியைக் குறை என்றால் 114', 'ஒலியை அடக்கு என்றால் 113', 'மின்விசை என்றால் 116' என்று வரிவரியாக எழுதியிருக்கும். சி மொழியில் கெர்னலை எழுதுபவர் இந்தக் கோப்பைச் சேர்த்துக்கொள்கிறார். செயலியை எழுதுபவரும் அதே கோப்பைச் சேர்த்துக்கொள்கிறார். அடுப்படிக்கும் கடை முகப்புக்கும் ஒரே தாள்.

நல்ல யோசனைதான். ஆனால் கெர்னலின் ஹெடர் கோப்புகள் எல்லாமே வெளியாருக்கு உரியவை அல்ல. கெர்னல் தனக்குள் வேலை செய்யும் விதம் அடிக்கடி மாறும். அந்த உள்விவகாரங்களைச் செயலி நம்பிக்கொண்டிருந்தால், கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் செயலி உடையும்.

பல ஆண்டுகள் இரண்டும் ஒரே கோப்புக்குள் கலந்து கிடந்தன. 'இங்கிருந்து இதுவரை கெர்னலுக்கு மட்டும்' என்று கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள்.

2012-இல் வெளியான லினக்ஸ் 3.7 பதிப்பில்தான் அது ஒழுங்கானது. செயலிகளுக்குக் காட்டவேண்டிய வரையறைகள் எல்லாம் 'யூஏபிஐ' என்ற தனி அடைவுக்கு மாறின. டேவிட் ஹவல்ஸ் என்ற மென்பொருளாளர் அந்தப் பெரிய வேலையைச் செய்தார்.

இப்போது விதி எளிது. அந்த அடைவுக்குள் இருப்பது வெளியாருக்குக் கொடுத்த வாக்கு. வெளியே இருப்பது கெர்னலின் சொந்த விஷயம்.

கொடுத்த எண் கொடுத்ததுதான்

'வாக்கு' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

செயலியை உருவாக்கும்போது ஹெடர் கோப்பில் உள்ள பெயர் மறைந்துவிடும். எண் மட்டும் செயலிக்குள் பதிந்துவிடும். அந்தச் செயலி உலகம் முழுக்கப் பல கணினிகளுக்குப் போய்ச் சேரும். அதற்குப் பிறகு யாராவது ஹெடர் கோப்பில் 115-ஐ 116 என்று மாற்றினால்? பழைய செயலிகளுக்கு அது தெரியவே தெரியாது. அவை 115-க்காகவே காத்திருக்கும்.

அதனால்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு விதியில் மிகவும் கறாராக இருக்கிறார். நேற்று வேலை செய்த செயலியை இன்றைய கெர்னல் உடைக்கக்கூடாது. உடைத்தால் தவறு கெர்னலுடையதுதான்.

இதற்கு வேடிக்கையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திரையைப் பூட்டும் விசைக்கு லினக்ஸில் 152 என்ற எண். அந்த எண்ணுக்கு யாரோ வைத்த பெயர் என்ன தெரியுமா?

'காப்பி'!

ஆமாம், குடிக்கிற காப்பிதான். காப்பி குடிக்க எழுந்து போகும்போது திரையைப் பூட்டுவோம் இல்லையா? பிறகு 'திரைப்பூட்டு' என்ற தெளிவான பெயரையும் சேர்த்தார்கள். ஆனால் 'காப்பி'யை எடுக்கவில்லை. அந்தப் பெயரைப் பயன்படுத்தி எங்கோ ஒரு செயலி எழுதப்பட்டிருக்கலாம். ஆகவே இன்றைக்கும் அந்தப் பட்டியலில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. எண் ஒன்றே: 152.

சரி, 248-க்கு என்ன ஆச்சு?

மைக்கை அடக்கும் தனி விசை மடிக்கணினிகளில் வரத் தொடங்கியது. 2011-இல் லினக்ஸ் கெர்னல் அதற்கு ஓர் எண் ஒதுக்கியது. அதுதான் 248.

கெர்னலைப் பொறுத்தவரை எல்லாம் சரி. விசையை அழுத்தினால் 248 என்று சரியாகச் சொன்னது.

ஆனால் கெர்னலுக்கும் செயலிக்கும் இடையே அப்போது இன்னொருவர் இருந்தார். லினக்ஸ் கணினிகளில் சாளரங்களைக் காட்டி, விசைகளைச் செயலிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த 'எக்ஸ்' என்ற மென்பொருள். அதன் 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. அதற்கென்று சொந்த விதிகள் இருந்தன.

- விசை எண்ணுக்கு ஒரே ஒரு பைட் இடம். அதாவது 255-க்கு மேல் போக முடியாது.
- எண்கள் 8-இலிருந்துதான் தொடங்கும். அதனால் கெர்னல் சொல்லும் எண்ணோடு 8-ஐக் கூட்டிக்கொள்ளும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 248 + 8 = 256.

வரம்பு 255. ஒன்றே ஒன்று அதிகம்!

கெர்னல் கூப்பிட்டது. எக்ஸ் காதில் விழவில்லை. செயலிக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. 247 வரையான எண்கள் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. 248 வாசலிலேயே நின்றுவிட்டது.

எண்ணை மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. கொடுத்த வாக்கு. எக்ஸ் மென்பொருளின் ஒரு பைட்டைப் பெரிதாக்கலாமே? அதுவும் முடியாது. 1987 முதல் எழுதப்பட்ட செயலிகள் அனைத்தும் அந்த ஒரு பைட்டை நம்பியிருந்தன. அதுவும் ஒரு வாக்கு.

அப்புறம் எப்படித்தான் சமாளித்தார்கள்?

பெரும்பாலான விசைப்பலகைகளில் இல்லாத விசை ஒன்று பட்டியலில் இருந்தது. அது எஃப்20. அதன் எண் 190. எட்டைக் கூட்டினால் 198. வரம்புக்குள் வந்துவிடும். அதனால், இன்ன நிறுவனத்தின் இன்ன மடிக்கணினி என்றால், மைக் விசையை எஃப்20 என்று சொல்லச் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில், எஃப்20 வந்தால் மைக்கை அடக்கு என்று எழுதிவைத்தார்கள். 'இது உண்மையில் மைக் விசையாக இருக்கவேண்டும்' என்று பட்டியலில் ஒரு குறிப்பும் எழுதினார்கள்.

வேலை நடந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கெர்னல் சொல்வதை நேராகக் கேட்கும் செயலிக்கு மைக் விசை தெரியாது. எஃப்20தான் தெரியும். ஒரு பொய்யை இரண்டு பட்டியல்களில் எழுதினால், அந்த இரண்டையும் எப்போதும் சேர்த்தே பராமரிக்க வேண்டும்.

எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்ட் என்ற ஏற்பாட்டில் விசை எண்ணுக்கு ஒரு பைட் வரம்பு இல்லை.

பகிரவேண்டாம், மொழிபெயர்ப்போம் - ஆண்ட்ராய்டின் வழி

ஆண்ட்ராய்டுக் கைத்தொலைபேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். ஆனால் அங்கே செயலிகள் கெர்னலின் எண்ணைப் பயன்படுத்துவதில்லை.

ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கெர்னல் 115 என்கிறது. நீங்கள் விளையாடிக்கொண்டிருக்கும் விளையாட்டுக்கு அது 24 ஆகப் போய்ச் சேருகிறது. ஒலியைக் குறைக்கும் பொத்தான் அங்கே 25. மின்விசை 26.

நடுவில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கிறது. '115 வந்தால் ஒலியைக் கூட்டு' என்று அதில் எழுதியிருக்கும். புதிய கைத்தொலைபேசியைத் தயாரிக்கும் நிறுவனம் அந்தக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். கெர்னலையும் தொடவேண்டாம், செயலிகளையும் தொடவேண்டாம்.

எது சிறந்தது? ஒரே பட்டியலைப் பகிர்ந்தால் குழப்பம் குறைவு. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் சார்ந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரை வைத்தால் இருவருக்கும் சுதந்திரம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் தவறு செய்தால் இருவருக்கும் தெரியாது. இரண்டு மொழி பேசி வளர்ந்த உங்களுக்கு இது நன்றாகவே புரியும்!

பெயர்ப் பட்டியல் கெர்னலுக்குத் தேவையா?

விசைகளுக்குச் சில நூறு எண்கள்தான். கருவிகளின் அடையாள எண்கள் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தினமும் கூடிக்கொண்டும் இருக்கின்றன.

'8086 என்றால் இன்டெல்' என்ற பெயர்ப் பட்டியலை ஒரு காலத்தில் லினக்ஸ் கெர்னல் தனக்குள்ளேயே வைத்திருந்தது. அது கணினியின் நினைவகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டது. புதிய பெயரைச் சேர்க்கவேண்டும் என்றால் புதிய கெர்னல் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கருவியை இயக்க, கெர்னலுக்குப் பெயர் தேவையே இல்லை. எண் போதும். பெயர் தேவைப்படுவது நமக்குத்தான்.

அதனால் பெயர்ப் பட்டியலைக் கெர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அது தனிக் கோப்பு. செக் நாட்டைச் சேர்ந்த மார்ட்டின் மாரெஷ் தொடங்கிய அந்தப் பட்டியலை, தொண்டூழியர்கள் இன்றும் புதுப்பித்துவருகிறார்கள். யார் வேண்டுமானாலும் விடுபட்ட பெயரை அனுப்பலாம். கெர்னலை மாற்றாமலேயே அந்தக் கோப்பை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

கெர்னலுக்குள் எண்களுக்கான ஹெடர் கோப்பு ஒன்று இன்னும் இருக்கிறது. ஆனால் அதன் தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை உண்டு. பல டிரைவர்கள் பகிர்ந்துகொள்ளும் எண்ணாக இருந்தால் ஒழிய, புதிதாக எதையும் இங்கே சேர்க்காதீர்கள் என்கிறது அது. ஒரு டிரைவருக்கு மட்டும் தேவைப்படும் எண் அந்த டிரைவரிடமே இருக்கட்டும் என்பது எண்ணம்.

பகிர்வதில் இது முக்கியமான பாடம். எல்லாவற்றையும் பொதுவில் வைப்பது பகிர்வு அல்ல. இருவருக்கும் தேவையானதை மட்டும் பொதுவில் வைப்பதுதான் பகிர்வு.

ஒருவர் எழுதினால் போதும், மற்றவருக்குத் தானாக வரும்

இன்னொரு கேள்வி. தம்ப் டிரைவையோ வலைக் கேமராவையோ செருகியதும், அதற்கு எந்த டிரைவரை எழுப்புவது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது?

லினக்ஸின் பதில் அழகானது.

1. டிரைவரை எழுதுபவர், 'இந்த எண் உள்ள கருவிகளை நான் பார்த்துக்கொள்வேன்' என்று தன் டிரைவருக்குள்ளேயே ஒரு பட்டியல் எழுதுகிறார்.
2. டிரைவர்களைக் கணினியில் நிறுவும்போது, ஒரு நிரல் அந்தப் பட்டியல்களை எல்லாம் திரட்டி ஒரே எழுத்துக் கோப்பாக்குகிறது.
3. கருவியைச் செருகியதும், கெர்னல் அதன் எண்களைக் கோத்து ஒரு வரியாகச் சொல்கிறது.
4. கெர்னலுக்கு வெளியே இருக்கும் ஒரு மென்பொருள் அந்த வரியைக் கோப்பில் தேடி, பொருத்தமான டிரைவரை எழுப்புகிறது.

கவனித்தீர்களா? இங்கே எந்த எண்ணையும் யாரும் இரண்டாவது முறை கையால் எழுதவில்லை. மூலம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாகப் பிறக்கிறது. ஆகவே அடுப்படித் தாளும் முகப்புப் பலகையும் மாறுபட வாய்ப்புக் குறைவு.

விசைப் பெயர்களுக்கும் இதே உத்தியைச் சிலர் பின்பற்றுகிறார்கள். லிப்எவ்டெவ் என்ற நிரல் தொகுப்பு, ஹெடர் கோப்பைப் படித்துத் தன் பெயர்ப் பட்டியலைத் தானாக உருவாக்கிக்கொள்கிறது.

விண்டோஸிலும் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு டிரைவரோடும் ஓர் எழுத்துக் கோப்பு வரும். எந்தெந்த எண்ணுக்கு அந்த டிரைவர் பொருந்தும் என்று அதில் இருக்கும்.

எண் பொய் சொன்னால்?

இவ்வளவு ஏற்பாடும் ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. கருவி தன் எண்ணை உண்மையாகச் சொல்லும் என்பதுதான் அது. எப்போதும் அப்படி நடப்பதில்லை.

*2009 - இரவல் எண்*

பாம் நிறுவனம் 'பிரி' என்ற கைத்தொலைபேசியை வெளியிட்டது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் செயலியோடு அது பாடல்களைப் பரிமாறிக்கொண்டது. ஜூலையில் ஆப்பிள் ஐடியூன்ஸைப் புதுப்பித்து அதைத் தடுத்தது. உடனே பாம் என்ன செய்தது தெரியுமா? தன் கைத்தொலைபேசி ஆப்பிளின் நிறுவன எண்ணையே சொல்லும்படி மாற்றிவிட்டது!

ஆப்பிள் நியாயமாக நடக்கவில்லை என்று யூஎஸ்பி மன்றத்திடம் பாம் முறையிட்டது. செப்டம்பரில் மன்றம் ஆப்பிளின் பக்கம் நின்றது. அடுத்தவரின் எண்ணைப் பயன்படுத்துவது விதிமீறல் என்று அது சுட்டியது.

*2014 - அழிக்கப்பட்ட எண்*

ஆர்டுவினோ போன்ற பலகைகளில் கணினியோடு பேசுவதற்கு எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் சில்லு பிரபலம். அதன் எண்கள் 0403, 6001. அதைப் போலவே போலிச் சில்லுகளும் சந்தையில் இருந்தன. அவையும் அதே எண்களைச் சொல்லின.

அவ்வாண்டு அக்டோபரில், விண்டோஸ் புதுப்பிப்பு வழியாக அந்த நிறுவனத்தின் புதிய டிரைவர் கணினிகளுக்கு வந்தது. போலிச் சில்லைக் கண்டால் அதன் பொருள் எண்ணை 0000 என்று மாற்றிவிட்டது. மறுபடி செருகினால் கணினிக்கு அது என்ன கருவி என்றே தெரியவில்லை. தாங்கள் வாங்கியது போலி என்றே அறியாதவர்களின் கருவிகளும் முடங்கின.

எதிர்ப்பு பலமாக வந்தது. நிறுவனம் அந்த டிரைவரை மீட்டுக்கொண்டது. லினக்ஸ் கெர்னலோ தன் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தது: 0403, 0000 என்று வந்தாலும் ஏற்றுக்கொள். முடங்கிய கருவிகள் லினக்ஸில் மீண்டும் வேலை செய்தன.

*வேடம் போடும் தம்ப் டிரைவ்*

அதே 2014-இல் இன்னொரு விஷயமும் வெளிச்சத்துக்கு வந்தது. தம்ப் டிரைவுக்குள் இருக்கும் நிரலை மாற்றினால், அது தன்னை விசைப்பலகை என்று சொல்லிக்கொள்ள முடியும் என ஆய்வாளர்கள் செய்துகாட்டினர். கணினி அதை நம்பிவிடும். நீங்கள் தட்டச்சு செய்வதுபோல அது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும்.

வழியில் கிடந்த தம்ப் டிரைவைச் செருகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அடையாள எண் என்பது சட்டையில் குத்திய பெயர் அட்டை மாதிரி. யார் என்று தெரிந்துகொள்ள உதவும். உண்மையிலேயே அவர்தானா என்பதற்கு அது சான்று அல்ல.

இணையத்தளங்களும் கேட்கத் தொடங்கிவிட்டன

முன்பெல்லாம் இந்த எண்கள் கெர்னலுக்கும் கணினியில் நிறுவிய செயலிகளுக்கும் இடையில் மட்டும் இருந்தன. 2017-இல் குரோம் உலாவி, இணையத்தளங்கள் யூஎஸ்பி கருவிகளோடு பேச வழிவிட்டது. ஒரு தளம் '2341 என்ற நிறுவன எண் உள்ள கருவி வேண்டும்' என்று கேட்கலாம். அது ஆர்டுவினோவின் எண்.

அப்போது திரையில் ஒரு பெட்டி வரும். எந்தக் கருவியைக் கொடுப்பது என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். யோசிக்காமல் சம்மதம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கருவியின் அடையாளமும், அதோடு பேசும் உரிமையும் அந்தத் தளத்துக்குப் போகும்.

உங்கள் கணினியில் நீங்களே பார்க்கலாம்

- விண்டோஸ்: கருவி நிர்வாகியைத் திறந்து, ஒரு கருவியின் விவரப் பக்கத்தில் வன்பொருள் அடையாளம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவன எண்ணும் பொருள் எண்ணும் அருகருகே இருக்கும்.
- மேக்: கணினித் தகவல் பக்கத்தில் யூஎஸ்பி பகுதியைப் பாருங்கள்.
- லினக்ஸ்: யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தால், எண்ணும் பெயரும் சேர்ந்தே வரும்.

எண் மட்டும் வந்து பெயர் வரவில்லையா? அந்தப் பொருள் பொதுப் பட்டியலில் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அதை நீங்களே அனுப்பிச் சேர்க்கலாம்.

நிரல் எழுதுபவர்களுக்கு...

பள்ளியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ நிரல் எழுதிக்கொண்டிருக்கிறீர்களா? இவற்றை மனத்தில் வையுங்கள்.

- நிரலுக்கு நடுவில் 248 என்று வெறும் எண்ணை எழுதாதீர்கள். அதற்கு உரியவர் வெளியிட்ட பட்டியலிலிருந்து பெயரோடு எடுத்துக்கொள்ளுங்கள்.
- பட்டியலை நகலெடுத்தே ஆகவேண்டும் என்றால், எங்கிருந்து, எந்தப் பதிப்பு என்று குறித்துவையுங்கள். நகல் எடுத்த நாளிலிருந்தே பழசாகத் தொடங்கிவிடும்.
- முடிந்தால் கையால் நகலெடுக்காமல், மூலத்திலிருந்து தானாக உருவாகும்படி செய்யுங்கள்.
- நீங்கள் ஓர் எண்ணை வெளியிட்டால், அதன் பொருளை மாற்றாதீர்கள். புதிய பொருளுக்குப் புதிய எண் கொடுங்கள்.
- எண்ணை வைத்து ஒரு கருவியை நம்பிவிடாதீர்கள்.

எண் யாருக்கும் சொந்தமாக இருக்கலாம். ஆனால் அதன் பொருள், இரண்டு பேர் ஒத்துக்கொண்டால்தான் நிலைக்கும். கெர்னலுக்கும் செயலிக்கும் இடையில் இருக்கும் அந்த ஒப்பந்தம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில்தான் இருக்கிறது. அதில் ஒரு வரி பிசகினாலும் உங்கள் விரல் ஒன்று சொல்லும், கணினி வேறொன்று கேட்கும்.